புலிக்கு ஒரு நீதி, ஆட்டுக்கு ஒரு நீதியா?

"விளையாட்டில் நீதி, அநீதி என்று ஒரு கட்டுரையா? பொழுது போனால் போதாதா?" என்று கேட்கவிருக்கும் தோழியருக்கு முதலில் எங்கள் கதையைச் சொல்லிவிடுகிறோம்.

சென்ற ஐப்பசி மழையில் மைதானம் குளமாகிவிட்டது. உடற்பயிற்சி வகுப்பை வராந்தாவில் கழிக்க அருட்சகோதரி அனுமதி தந்தார். சாக்கட்டியால் ஆடுபுலிக் கட்டம் வரைந்தோம். புளியங்கொட்டைகள் ஆடுகளாயின, கூழாங்கற்கள் புலிகளாயின. பத்து நிமிடம் ஆகவில்லை, மூண்டது பெருஞ்சண்டை! ஆட்டைத் தாண்ட வழியிருந்தால் புலி வெட்டியே தீரவேண்டும் என்றார்கள் திருவில்லிபுத்தூரிலிருந்து பஸ்ஸில் வரும் தோழியர். வெட்டுவதும் விடுவதும் புலியின் விருப்பம் என்றோம் இராஜபாளையத்துப் பிள்ளைகள். அரை மணி நேரப் பயணத்துக்குள் விதி மாறிவிடுமா என்று வியந்தோம். பிறகு வீட்டில் விசாரித்தால், ஒரே தெருவில் எதிரெதிர் வீட்டுப் பாட்டிகளே இரண்டு விதமாகச் சொல்கிறார்கள்!

ஆட்டம் தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாக: கோடுகள் சந்திக்கும் புள்ளிகள் 23. புலிகள் 3, ஆடுகள் 15. ஆடுகளை ஒவ்வொன்றாக இறக்கி முடிக்கும்வரை அவற்றை நகர்த்தக் கூடாது; புலி முன்பே உலாவலாம். பக்கத்துப் புள்ளியில் ஆடு நின்று, அதற்கு நேர் பின்னால் இடம் காலியாக இருந்தால் புலி தாண்டி வெட்டும். ஆட்டுக்கு வெட்டும் உரிமை கிடையாது. கூட்டமாக நின்று புலியை அசையவிடாமல் அடைப்பதே அதன் போர். ஒன்றும் வெட்டுப்படாமல் 15 ஆடுகளும் இறங்கிவிட்டால் மீதமிருக்கும் காலிப் புள்ளிகள் 5 மட்டுமே. ஐந்து ஆடுகள் வெட்டுப்பட்டாலோ அது 10 ஆகிவிடும். ஒவ்வோர் ஆடு சாகும்போதும் கூண்டில் ஒரு கம்பி கழன்றுவிடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். (நம் மேற்கு மலையில் 2021 முதல் திருவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகம் இருக்கிறது. அங்குள்ள புலிகள் இந்த விதிகளைப் படித்திருக்குமா என்று கேட்டுச் சிரித்தாள் ஒருத்தி.)

இனி, "வெட்டியே தீரவேண்டும்" என்ற விதியைப் பாருங்கள். கேட்டவுடன் அது புலிக்கு விருந்து வைக்கும் விதி போலத் தோன்றுகிறது. நாங்களும் அப்படித்தான் நினைத்து எதிர்த்தோம். ஆடிப் பார்த்தபோது கதை தலைகீழானது. புலி மறுக்க முடியாது என்று தெரிந்துவிட்டால், ஆடு வைப்பவள் ஓர் ஆட்டைத் தூண்டில் புழுவாக்கி, தான் விரும்பும் மூலைக்குப் புலியை இழுத்துவிடுகிறாள். அது தின்றுவிட்டு நிமிர்வதற்குள் பின்னால் கதவு சாத்தியாகிவிடுகிறது! விதியின் சொற்கள் புலியைப் பற்றியவை, பலனோ ஆட்டுக்கு. ஒரு விதி யாருக்கு உதவும் என்பதை அதன் சொற்களை வைத்துச் சொல்லிவிட முடியாது என்று அன்றுதான் தெரிந்துகொண்டோம்.

இன்னொன்றைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. இருந்தாலும் சொல்லத்தான் வேண்டும். ஏழாம் வகுப்புத் தங்கை ஒருத்தி எங்களோடு ஆட வந்தாள். வழக்கம்போல் பெரியவர்களுக்குப் புலி, சின்னவளுக்கு ஆடு. அவள் மிகப் பொறுமையாக இரண்டு புலிகளை அடைத்துவிட்டாள். மூன்றாவது புலி அகப்படும் நேரத்தில், "எங்கள் வீட்டில் ஒரே முறையில் இரண்டு ஆடுகளைத் தாண்டலாம்" என்று எங்களில் ஒருத்தி அறிவித்தாள். மற்றவர்களும் தலையாட்டினோம். சாதாரணமாக ஓர் ஆடு போனதும் அடுத்த முறை ஆட்டுக்காரியுடையது, ஓட்டையை அடைக்கலாம். இரட்டைத் தாண்டலில் அந்த மூச்சுவிடும் நேரமும் போய்விடுகிறது. தங்கை தோற்றாள். அழவில்லை, எழுந்து போனவள் மறுநாள் வரவில்லை, அடுத்த வாரமும் வரவில்லை.

எங்கள் தோழியின் அண்ணன் ஒருவர் பொறியியல் படிக்கிறார். விடுமுறையில் வந்திருந்தபோது 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' என்ற ஆட்டத்தை எங்களுக்குக் கற்றுத் தந்தார். 1974இல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் என்ற இருவர் வெளியிட்டது. ஒருத்தி வீராங்கனை, ஒருத்தி மந்திரக்காரி என்று ஆளுக்கொரு வேடம் ஏற்று, கதை சொல்லிக்கொண்டே பூதங்களோடு போரிட வேண்டும். அடி பட்டதா, தவறியதா என்பதை 20 முகமுள்ள பகடை சொல்லும். 20 விழுந்தால் அடியின் வேகம் இருமடங்கு என்ற விதி தொடக்கத்தில் நூலில் இல்லை. ஆடியவர்களே பல இடங்களில் சேர்த்துக்கொண்டார்கள். பின்னாளில் அது நூலிலேயே ஏறிவிட்டது. வீரருக்கும் 20 விழலாம், பூதத்துக்கும் 20 விழலாம். சமநீதிதானே என்றோம். அண்ணன் சிரித்தார். "ஒரு பூதம் ஒரு சண்டையோடு முடிந்துவிடும். உங்கள் வீராங்கனை எத்தனை சண்டைக்கு நிற்க வேண்டும்? வருகிற பூதம் ஒவ்வொன்றும் அவள்மேல் பகடை உருட்டும். கடைசியில் இருமடங்கு அடி யார் கணக்கில் அதிகம் சேரும்?" என்றார். எங்கள் மந்திரக்காரி மூன்றாம் நாளே மாண்டுபோனாள். இரு பக்கத்துக்கும் ஒரே விதி எழுதினாலும், அது இரு பக்கத்திலும் ஒரே கனத்தோடு விழுவதில்லை.

தாயத்துக்கு வருவோம். இரண்டு தாயக்கட்டைகள், ஒவ்வொன்றிலும் வெறுமை, 1, 2, 3 என நான்கு முகங்கள். ஆக விழக்கூடிய வகைகள் 16. அவற்றில் தாயம் என்னும் ஒன்று விழுபவை இரண்டே. தாயம் விழுந்தால்தான் காய் இறக்கலாம் என்றால் எட்டில் ஒரு பங்கு வாய்ப்பு. ஐந்து விழுந்தாலும் இறக்கலாம் என்பது எங்களில் ஒருத்தியின் பாட்டி விதி. அப்போது நான்கில் ஒரு பங்கு. எங்கள் பாடத்தில் உள்ள நிகழ்தகவைக் கொண்டு கணக்கிட்டோம். முதல் விதிப்படி 10 முறை உருட்டியும் காய் இறக்க முடியாமல் உட்கார்ந்திருப்பவர் 100க்கு சுமார் 26 பேர். பாட்டி விதிப்படி சுமார் 6 பேர். மற்றவர்கள் வெட்டி, பழமாக்கிக்கொண்டிருக்க, ஒரு குழந்தை வெறுங்கையோடு பார்த்துக்கொண்டிருக்கும் கொடுமை பாட்டிக்குப் பொறுக்கவில்லை போலும். அவர் நிகழ்தகவு படித்ததில்லை.

"முன்னோர் வகுத்த விதியைத் தொடக்கூடாது" என்பாரும் உண்டு. நாங்கள் அந்தக் கட்சி அல்ல. சதுரங்கத்தில் மந்திரி ஒரு காலத்தில் மூலைவாட்டில் ஒரே கட்டம் நகரும் அப்பாவிக் காய். 15ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஐரோப்பாவில் ராணியாகிவிட்ட அந்தக் காய்க்கு எத்திசையும் எத்தனை கட்டமும் செல்லும் ஆற்றலைக் கொடுத்தார்கள். பித்துப் பிடித்த ராணியின் சதுரங்கம் என்று அன்றைய சிலர் அதற்குப் பெயர் சூட்டினர். இன்று அந்தச் சதுரங்கத்தைத்தான் உலகமே ஆடுகிறது. ஆனால் கவனியுங்கள்: ராணி இரு பக்கத்திலும் இருக்கிறாள். புலி இரு பக்கத்திலும் இல்லை.

ஆகவே எங்கள் கருத்து இதுதான். வீட்டு விதிகள் இருக்கட்டும். எத்தனை வேண்டுமானாலும் இருக்கட்டும். முதல் காய் வைப்பதற்கு முன் அவற்றைச் சொல்லிவிட வேண்டும். நடுவில் நினைவுக்கு வரும் விதி அடுத்த ஆட்டத்துக்கே செல்லும். இரண்டாவதாக, ஆடுபுலியில் ஓர் ஆட்டத்தோடு வெற்றி சொல்லக் கூடாது. ஒரு முறை புலியாகவும் ஒரு முறை ஆடாகவும் ஆடி, இரண்டிலும் வெட்டுப்பட்டவற்றை எண்ணிப் பார்க்க வேண்டும். புலியாகவே வளர்ந்தவளுக்கு இரட்டைத் தாண்டலில் குறையே தெரியாது. புளியங்கொட்டைகளைக் கையில் எடுக்கட்டும், தெரியும்.

இந்த இரண்டையும் ஓர் அட்டையில் எழுதி வராந்தாத் தூணில் ஒட்டினோம். ஏழாம் வகுப்புக்குச் சென்று அந்தத் தங்கையிடம் மன்னிப்புக் கேட்டு அழைத்தோம். வந்தாள். கட்டத்தின் முன் அமர்ந்ததும் அவள் கேட்ட முதல் கேள்வி, "அக்கா, இன்றைக்குப் புலி வெட்டியே தீரவேண்டுமா, இஷ்டமா?" வெட்டியே தீரவேண்டும் என்றோம். அவள் ஓர் ஆட்டை எடுத்து, ஒரு துணையும் இல்லாமல், எங்கள் புலியின் வாய்க்கு நேராக வைத்தாள். நாங்கள் தின்றோம். மணி அடிப்பதற்குள் எங்கள் மூன்று புலிகளும் அசையமுடியாமல் நின்றன.