ஐந்தாம் இடத்துக்கு விலை: மீண்டும் வெளியூரில் வெளியேறிய பிளாஸ்டர்ஸ்

கொச்சி, ஏப். 21, 2024: இந்தியன் சூப்பர் லீக் கால்பந்து தொடரின் பிளே-ஆஃப் சுற்றில் கேரளா பிளாஸ்டர்ஸ் தொடர்ந்து இரண்டாவது ஆண்டாக வெளியூரில் தோற்று வெளியேறியுள்ளது. புவனேஸ்வரத்தில் கடந்த 19-ஆம் தேதி நடைபெற்ற ஆட்டத்தில் 67-ஆவது நிமிடத்தில் முன்னிலை பெற்ற அந்த அணி, 87-ஆவது நிமிடத்தில் அதனை இழந்தது. கூடுதல் நேரத்தில் ஒடிசா 2-1 என வென்றது.

லீக் பட்டியலில் முதலிரு இடங்களைப் பெறும் அணிகள் நேரடியாக அரையிறுதிக்குச் செல்கின்றன. மூன்றாம் இட அணி ஆறாம் இட அணியையும், நான்காம் இட அணி ஐந்தாம் இட அணியையும் தத்தம் மைதானத்தில் சந்திக்கின்றன. ஒரே ஆட்டம்தான், மறு ஆட்டம் இல்லை. 2022-23-இல் இம்முறை அறிமுகமானதிலிருந்து நடைபெற்ற நான்கு ஆட்டங்களிலும் உள்ளூர் அணியே வென்றுள்ளது. கோவாவில் நேற்று 2-1 எனத் தோற்ற சென்னையின் எஃப்சியும் ஆறாம் இடத்தில் இருந்த அணியே.

மட்டாஞ்சேரி ரசிகர் தோப்பும்படி பாலத்தைக் கடந்து, பேருந்திலேயே கலூர் மைதானத்தை அடைந்துவிடலாம். புவனேஸ்வரத்துக்கோ ரயிலில் ஒரு நாளுக்கும் மேலாகும். லீக் சுற்று 15-ஆம் தேதிதான் நிறைவடைந்தது. நான்கே நாள்களில் பிளே-ஆஃப். முன்பதிவு செய்து செல்ல எத்தனை பேரால் இயலும்? கடந்த ஆண்டு பெங்களூருவுக்காவது ஓர் இரவுப் பயணம் போதுமானதாக இருந்தது.

வீரர்களின் அலைச்சலும் குறைவல்ல. மார்ச் 30 முதல் ஜாம்ஷெட்பூர், கொச்சி, குவாஹாட்டி, ஹைதராபாத், புவனேஸ்வரம் என மூன்று வாரங்களில் ஐந்து நகரங்களில் ஆடினர்.

எனினும், விதிமுறையைக் குறைகூற இயலாது. கடந்த டிசம்பர் இறுதியில் 12 ஆட்டங்களில் 26 புள்ளிகளுடன் பிளாஸ்டர்ஸ்தான் முதலிடத்தில் இருந்தது. எஞ்சிய 10 ஆட்டங்களில் கிடைத்தவை 7 புள்ளிகள் மட்டுமே. முடிவில் ஒடிசா 39, பிளாஸ்டர்ஸ் 33. பஞ்சாப், மோகன் பகான், ஈஸ்ட் பெங்கால் ஆகிய மூன்று அணிகளிடமும் கொச்சியிலேயே தோற்று 9 புள்ளிகளை இழந்தது. அந்த நிலையில், பிளே-ஆஃப் ஆட்டம் கலூரில் நடந்திருந்தாலும் வெற்றி உறுதியாக இருந்திருக்குமா என்பது ஐயமே.

வரும் 23-ஆம் தேதி தொடங்கும் அரையிறுதி இரு ஆட்டங்களைக் கொண்டது. அதிலும் ஒடிசா முதல் ஆட்டத்தைத்தான் சொந்த மண்ணில் ஆடுகிறது. முதலிடம் பெற்ற மோகன் பகான், முடிவைத் தீர்மானிக்கும் இரண்டாவது ஆட்டத்தைக் கொல்கத்தாவில் ஆடும்.