புதுச்சேரியின் மணல் எங்கே போனது?

பதிவு கொஞ்சம் நீளம். ஞாயிற்றுக்கிழமைதானே, பொறுமையாகப் படியுங்கள்.

லீவு விட்டால் நம் நெய்வேலிப் பிள்ளைகள் பாதிப் பேர் புதுச்சேரியில்தான். மஞ்சள் சுவர் முன்னால் நின்று எடுத்த படங்கள் வரிசையாக வருகின்றன. சந்தோஷம். ஆனால் படத்துக்குக் கீழே "ராக் பீச்" என்று போடுகிறீர்களே, அதுதான் என்னை எழுத வைத்தது. அது பாறைக் கடற்கரையே அல்ல. 1980-களின் தொடக்கத்தில் பள்ளிச் சுற்றுலா போனபோது காந்தி சிலைக்குக் கிழக்கே மணலில் வட்டமாக உட்கார்ந்து புளிசாதம் சாப்பிட்டிருக்கிறோம். இன்று ஐம்பதைத் தாண்டிய என் மாணவர்களுக்கு நினைவிருக்கும்.

அந்த ஊர் உல்லாசத்துக்காக உண்டானதும் அல்ல. 1674-ல் பிரெஞ்சுக்காரர் பிரான்சுவா மார்த்தேன் அங்கே வேரூன்றியது துணி வியாபாரத்துக்காக. நெசவாளர்கள்தான் மூலதனம். 1693-ல் டச்சுக்காரர்கள் பிடித்தார்கள், 1699-ல் திருப்பித் தந்தார்கள். 1761-ல் ஆங்கிலேயர் ஊரையே இடித்துத் தரைமட்டமாக்கினார்கள். நீங்கள் "பழைய பிரெஞ்சுத் தெரு" என்று ரசிப்பதெல்லாம் அதற்குப் பிறகு மறுபடி எழுந்ததுதான். ஆனந்தரங்கப் பிள்ளை நாட்குறிப்பைப் புரட்டினால் வியாபாரமும் சண்டையும் வழக்கும்தான். கடற்கரையில் காற்று வாங்கிய கதை தேடித்தான் பார்க்க வேண்டும்.

பிறகு ஆலைகள் வந்தன. 1936 ஜூலை 30-ல் சவானா ஆலைத் தொழிலாளர்கள் 12 பேர் துப்பாக்கிச் சூட்டில் செத்தார்கள். அந்தப் போராட்டத்தால்தான் மறு வருடம் எட்டு மணி நேர வேலை சட்டமானது. கப்பல் வியாபாரம் தேய்ந்தது. ஆலைகள் ஒவ்வொன்றாக நொடித்தன, ஏ.எஃப்.டி. 2020-ல் மூடப்பட்டது. ஆசிரமமும், 1968-ல் தொடங்கிய ஆரோவில்லும் வெளியூர் ஆட்களை ஏற்கெனவே இழுத்திருந்தன. மது விலையும் இழுத்தது, அதை மறைப்பானேன்! ஆக, சுற்றுலா என்பது மற்ற பிழைப்புகள் போன பின் அந்த ஊருக்குக் கையில் மிஞ்சிய பிழைப்பு. அதைக் கேலி பேசுவது எனக்கு உடன்பாடில்லை. அறை சுத்தம் செய்கிற பெண், ஆட்டோக்காரர், சுண்டல் விற்கிற பையன் எல்லோருக்கும் சோறு போடுகிறது.

சரி, மணலுக்கு வருவோம். நம் கிழக்குக் கரையில் அலைகள் மணலைக் கரையோரமாகவே நகர்த்திக்கொண்டிருக்கும். வடகிழக்குப் பருவமழை மாதங்களில் தெற்கு நோக்கி, மற்ற மாதங்களில் வடக்கு நோக்கி. வருஷக் கணக்கில் பார்த்தால் வடக்கே போவதுதான் அதிகம். 1980-களின் பிற்பாதியில் அரியாங்குப்பம் ஆற்று முகத்தில் துறைமுகத்துக்காகக் கடலுக்குள் கல்சுவர்கள் கட்டினார்கள். வாய்க்காலின் குறுக்கே பலகை வைத்தால் என்ன ஆகும்? தெற்கே மணல் தேங்கியது, வடக்கே இருந்த நகரக் கடற்கரை பட்டினி கிடந்தது. தேங்கிய மணலை எடுத்து வடக்கே கொட்ட வேண்டும் என்பது அன்றே சொல்லப்பட்டதுதான். அது ஒழுங்காக நடக்கவில்லை. கரை கரைந்தது, பாறைகளைக் கொட்டினார்கள். அந்தப் பாறைக்குத்தான் நீங்கள் பெயர் வைத்திருக்கிறீர்கள்.

கதை அங்கே முடிந்திருந்தால் நான் எழுதியே இருக்க மாட்டேன். ஓர் இடத்தில் பாறை போட்டால் அரிப்பு அடுத்த ஊருக்கு நகரும். தந்திராயன்குப்பம், சின்னமுதலியார்சாவடி, பொம்மையார்பாளையம் என்று விழுப்புரம் மாவட்டத்து மீனவர் ஊர்களில் வீடு போனது, வலை காயவைக்கும் இடம் போனது, படகு ஏற்றக் கரை இல்லை. துறைமுகம் புதுச்சேரி அரசுடையது, அரிப்பு தமிழ்நாட்டுக்காரருடையது. எல்லைக்கோடு அலைக்குத் தெரியுமா?

நமக்கு இது புரியாத விஷயமில்லை. 1957-ல் நேரு வந்து சுரங்கத்தைத் தொடங்கி வைத்தார் என்று வகுப்பில் பெருமையாகச் சொல்லிக் கொடுத்தேன். நம் வட்டங்களின் அகலத் தெருவும் மர நிழலும், நிலம் கொடுத்த கிராமங்களின் மேல் வந்தவை. நம் சொந்தங்களிலேயே அப்படி ஊரை விட்டவர்கள் உண்டு. 2023-ல் வளையமாதேவியில் பச்சை நெற்பயிருக்குள் இயந்திரம் இறங்கியதைப் பார்த்து அவர்கள் அன்று இரவு சாப்பிடவில்லை.

என் கருத்து இதுதான். மணலை வருஷா வருஷம் வடக்கே மாற்றுவது துறைமுகத்தின் நிரந்தரச் செலவாக வரவு செலவுத் திட்டத்தில் இருக்க வேண்டும். இரண்டு அரசுகளும் சேர்ந்து ஒரே கரையாகக் கணக்கிட வேண்டும். விடுதி அறைக்கு ஆயிரக்கணக்கில் கொடுப்பவர் அதற்காக இன்னும் பத்து இருபது ரூபாய் கொடுத்தால் குறைந்துவிட மாட்டார். செய்ய முடியாத காரியமும் அல்ல. தேசிய கடல்சார் தொழில்நுட்ப நிறுவனம் தலைமைச் செயலகத்துக்கு எதிரே கடலுக்குள் ஓர் இரும்புத் திட்டு அமைத்த பின், 2018 முதல் அங்கே மணல் திரும்பச் சேர்ந்தது. நீங்கள் கால் நனைக்கிற அந்தச் சின்ன மணல்வெளி அப்படி வந்ததுதான். நகரத்துக்கு முன்னால் செய்ததோடு நின்றுவிட்டால் போதாது, குப்பங்களின் பங்கும் போய்ச் சேர வேண்டும்.

சிவில் படித்த என் மாணவர்கள் சிலர் இது கட்டுப்படியாகாது என்பீர்கள். கணக்கோடு எழுதுங்கள்; படித்துவிட்டுப் பதில் போடுகிறேன். கண் ஆபரேஷனுக்குப் பிறகு சின்ன எழுத்தும் நன்றாகத் தெரிகிறது.