உடைந்த கண்ணாடியும் ஒரு தகப்பனின் நாட்சம்பளமும்

தலவாக்கலை நகரிலிருந்து சற்றுத் தள்ளியுள்ள தோட்டமொன்றில் சில காலத்துக்கு முன்னர் நான் நேரில் கண்ட சம்பவம் இது. லயத்துக்கு முன்னாலிருந்த பாதையில் சிறுவர்கள் கிரிக்கெட் விளையாடிக்கொண்டிருந்தனர். பத்து வயதுப் பையன் ஒருவன் ஓங்கி அடித்த பந்து, ஓரமாக நின்ற வானின் முன்கண்ணாடியை உடைத்துவிட்டது.

"பிள்ளையப் பெத்தா மட்டும் போதுமா? அடக்கி வைக்கத் தெரியணும். காசு வரலைனா பொலிஸ்ல போடுவேன்" என்று சத்தமிட்டார் வானுக்குச் சொந்தக்காரர்.

"தெரியாம நடந்துபோச்சு அண்ணே. தவணை குடுங்க, சம்பளத்துல கொஞ்சங்கொஞ்சமா கட்டிடுறேன்" என்றார் தகப்பன். அன்றிரவு நான் தங்கியிருந்த வீட்டுக்கு அந்தப் பையனின் அழுகுரல் கேட்டது.

பிள்ளை செய்த சேதத்துக்குப் பெற்றோர் பணம் கட்டியே ஆகவேண்டும் என்பது நம்மவர்களிடையே கேள்விக்கு அப்பாற்பட்ட நியதியாக நிலவுகிறது. ஆனால் நமது சட்டம் அவ்வாறு கூறவில்லை. இலங்கையில் இத்தகைய விடயங்களுக்குப் பொருந்துவது ரோமன் டச்சுச் சட்டம். பெற்றவர் என்ற ஒரே காரணத்துக்காக எவரும் அதன்கீழ் நட்டஈடு செலுத்த வேண்டியதில்லை. பெற்றோரின் சொந்தக் கவனயீனம் நிரூபிக்கப்பட வேண்டும். முச்சக்கர வண்டியின் சாவியைச் சிறுவனிடம் கொடுத்த தகப்பன் பதில் சொல்லத்தான் வேண்டும். பையன் பந்து விளையாடினான் என்பதற்காக அவனுடைய தகப்பனைக் கவனயீனமானவர் என்று கூறிவிட முடியாது. பொலிஸ் மிரட்டலுக்கும் அடிப்படை இல்லை. 2018ஆம் ஆண்டின் திருத்தத்துக்குப் பின்னர் 12 வயதுக்குக் குறைந்த பிள்ளையின் செயல் எதுவும் குற்றமாகாது. தற்செயலாக உடைந்த கண்ணாடியோ எந்த வயதிலும் குற்றமல்ல.

பிரான்ஸில் வாழும் நம் உறவுகளுக்கு இது வியப்பளிக்கலாம். அங்கு நிலைமை நேர்மாறானது. கவனமாகப் பிள்ளை வளர்த்தோம் என்று நிரூபித்தாலும் பெற்றோர் தப்பமுடியாது என 1997இல் அந்நாட்டின் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆனால் அங்கு அந்தச் சுமையைப் பெரும்பாலும் தாங்குவது வீட்டுக் காப்புறுதி. பெற்றோரின் பணப்பையில் அது நேரடியாகக் கைவைப்பதில்லை. நமது லயங்களில் அத்தகைய காப்புறுதியை எவர் கண்டார்? 2024இல் தோட்டத் தொழிலாளியின் அடிப்படை நாட்சம்பளம் 1350 ரூபாயாக நிர்ணயிக்கப்பட்டது. அதிலிருந்து ஒரு வானின் முன்கண்ணாடிக்குப் பணம் கட்டுவதென்றால், எத்தனை நாள் கொழுந்து பறிக்கவேண்டும் என்று கணக்கிட்டுப் பாருங்கள்.

ஜப்பானில் நடந்த வழக்கொன்று இதைவிடத் துயரமானது. 2004இல் பாடசாலை மைதானத்தில் 11 வயதுச் சிறுவன் உதைத்த பந்து வீதிக்குப் பாய்ந்தது. அதனைத் தவிர்க்க முயன்ற முதியவர் மோட்டார் சைக்கிளிலிருந்து விழுந்து, பின்னர் உயிரிழந்தார். கீழ் நீதிமன்றங்கள் பெற்றோரை நட்டஈடு செலுத்தப் பணித்தன. 2015இல் உச்ச நீதிமன்றம் அதனை மாற்றியது. மைதானத்தில் பந்து உதைப்பது இயல்பான செயல், அதனைத் தடுக்காதது பெற்றோரின் தவறாகாது என்பதே அதன் முடிவு.

இங்கேதான் நமது கேள்வி பிறக்கிறது. அந்தச் சிறுவனுக்கு ஒரு மைதானமாவது இருந்தது. தலவாக்கலைச் சிறுவனுக்கு எங்கே இருக்கிறது? வெள்ளைக்காரன் காலத்து லயங்கள் பலவற்றின் முன்னால் எஞ்சியிருப்பது ஒரு வாசலும் ஒரு பாதையும் மட்டுமே. அந்த இடத்திலேயே துணி காயவேண்டும், வாகனம் நிற்கவேண்டும், பிள்ளைகளும் விளையாடவேண்டும். 1992இல் தோட்டங்களைப் பொறுப்பேற்ற கம்பனிகளும், அவற்றை ஒப்படைத்த அரசும் பிள்ளைகளுக்கு இடம் ஒதுக்காத குறைக்கு, தகப்பனின் சம்பளத்தில் மட்டும் வெட்டு விழுவது எவ்விதத்தில் நியாயம்?

வான்காரரின் இழப்பை நான் மறுக்கவில்லை. அதுவே அவருடைய பிழைப்பு. தகப்பன் பொறுப்பேற்க முன்வந்ததும் பெருந்தன்மையே. ஆனால் பெருந்தன்மையைக் கடனாக மாற்றி மிரட்டி வசூலிக்கக்கூடாது. இதற்காகவே 1988ஆம் ஆண்டின் சட்டத்தின்கீழ் மத்தியஸ்த சபைகள் இருக்கின்றன. அங்கே சட்டத்தரணி வேண்டாம். இரு தரப்பினரும் அமர்ந்து, இயன்ற தொகையையும் தவணையையும் பேசி முடிக்கலாம். பையனும் அங்கு வந்து தன் வாயால் மன்னிப்புக் கேட்கட்டும். பொறுப்பு என்றால் என்னவென்று அவன் அங்கே கற்றுக்கொள்வான். அடி வாங்கிய பிள்ளை கற்றுக்கொள்வது, அடுத்த முறை கண்ணாடி உடைந்தால் ஓடி ஒளிவதை மட்டுமே.

தோட்ட நிர்வாகங்களுக்கும் ஒரு வார்த்தை. லயத்துக்கு அருகில் பத்துப் பேர்ச் நிலத்தைச் சமப்படுத்திக் கொடுங்கள். கண்ணாடிகளும் தப்பும், பிள்ளைகளும் தப்புவார்கள்.