பொதியில் எழுதாத விலை

எங்கள் கோமாரியிலிருந்து தெற்கே சென்று பொத்துவிலைக் கடந்தால் அறுகம்குடா. அலைமேல் பலகை செலுத்த வரும் வெளிநாட்டாருக்கென அங்கே கடைகள் பல எழுந்துள்ளன. அவற்றுள் ஒன்றில் கோப்பிப் பொதியொன்றைக் கையிலெடுத்து வாசித்தேன். “அறநெறி வழுவாது பெறப்பட்டது” என்னும் பொருள்பட ஆங்கிலத்தில் அச்சிட்டிருந்தார்கள். கீழே, கோப்பி வணிகம் நடத்தும் குடும்பமொன்றின் வரலாறு. பாட்டனார், தந்தை, மைந்தன் மூவரின் பெயர்களும் இருந்தன. பக்கத்தில் கூடை சுமந்த ஒரு பெண்ணின் படம். அவளுக்கு மட்டும் பெயர் இல்லை.

அவளுக்கும் ஒரு குடும்பம் இருக்குமன்றோ?

இத்தகைய வணிகரெல்லாம் பொய்யர் என்று கூற நான் முன்வரவில்லை. சந்தை விலைக்கு மேலே கொடுப்போரும் உளர். என் வழக்கு வேறு. அறம் என்பது வாங்குபவனின் நற்குணமாக மட்டும் இருக்கும் வரை, விற்பவள் அவனது தயவில் வாழ்பவளே. தந்தையின் நல்ல மனம் மைந்தனுக்கு வாய்க்காவிட்டால் அவள் எந்த நீதிமன்றத்துக்குப் போவாள்? தயவு வேறு, உரிமை வேறு. இந்த வேறுபாட்டை மறைக்கவே அழகிய பொதிகள் பயன்படுகின்றன.

கோப்பியின் பெயரால் இந்நாட்டில் நடந்தவற்றை நாம் மறந்துவிடலாகாது. தமிழ்நாட்டுக் கிராமங்களிலிருந்து கங்காணியின் முற்பணக் கடனைச் சுமந்துகொண்டு, மன்னார்க் கரையில் இறங்கி, காடுகளினூடே மாத்தளை நோக்கிக் கால்நடையாகச் சென்றவர்கள் எத்தனை பேர்! பசியாலும் வாந்திபேதியாலும் வழியிலேயே மாண்டவர் எத்தனை பேர்! 1869ஆம் ஆண்டில் ஆபிரகாம் ஜோசப் என்பவரின் ‘கோப்பிக் கிருஷிக் கும்மி’ அச்சாயிற்று. கும்மி பாமரப் பெண்களின் ஆட்டம். அந்நூலிலோ பேசுவது தோட்ட நிருவாகத்தின் குரல். கூடை சுமந்தவளின் வடிவத்தை எடுத்துக்கொண்டு துரையின் கருத்தைப் பாடிய அந்த வித்தை இன்றைய பொதியிலும் தொடர்கிறது. அதே 1869இல்தான் கோப்பி இலைகளில் செம்மஞ்சள் நோய் கண்டது. இரு தசாப்தங்களுள் தோட்டங்கள் அழிந்தன, தேயிலை வந்தது. கோப்பி வீட்டுத் தோட்டங்களில் ஒதுங்கி உயிர் பிழைத்தது. இன்று அதையே தேடிச் சென்று ‘உயர்தரம்’ என வாங்குகிறார்கள்.

அந்த உயர்தரம் யாருடைய உழைப்பு? கோப்பிப் பழம் ஒரே நாளில் பழுப்பதில்லை. ஒரே கிளையில் சிவந்த பழமும் பச்சைக் காயும் கலந்து நிற்கும். சிவந்ததை மட்டும் பறிக்க வேண்டுமெனின் அதே மரத்துக்கு மீண்டும் மீண்டும் போக வேண்டும். ஏறத்தாழ 6 கிலோ பழத்திலிருந்து 1 கிலோ காய்ந்த கொட்டை கிடைக்கிறது. வறுக்கும்போது அதிலும் ஏறக்குறைய ஆறிலொரு பங்கு எடை குறைகிறது. ஆகவே 250 கிராம் பொதியொன்றுக்குள் இரண்டு கிலோவுக்குச் சற்றே குறைந்த பழம் அடங்கியிருக்கிறது. அந்தப் பழத்துக்கு அவள் பெற்ற ரூபாய் எவ்வளவு? பொதியில் மலையின் உயரம் உண்டு. சுவையின் வருணனை உண்டு. இந்த ஓர் எண் மட்டும் இல்லை.

எங்கள் பக்கத்தில் நெல் வெட்டி முடிந்ததும் வியாபாரி வருகிறான். தராசு அவனுடையது, விலையும் அவனுடையது. ஈரம் என்கிறான், பதர் என்கிறான். அவனும் குடும்பஸ்தன்தான், கோயிலுக்கும் கொடுப்பவன்.

உலகில் இதற்கு மாற்று முயலப்படாமலில்லை. 1962இல் கோப்பி விளைவிக்கும் நாடுகளும் வாங்கும் நாடுகளும் ஒப்பந்தம் செய்து, ஏற்றுமதிக்கு அளவு வகுத்து, விலை சரியாமல் காக்க முற்பட்டன. 1989இல் அந்த அளவுமுறை குலைந்தது. விலை பாதாளத்தில் வீழ்ந்தது. அதற்கு முந்திய ஆண்டிலேதான் ஒல்லாந்தில் ‘மாக்ஸ் ஹவலார்’ என்னும் நியாய வணிக முத்திரை பிறந்தது. சாவகக் குடியானவரைக் கோப்பி பயிரிடுமாறு வருத்திய ஒல்லாந்தராட்சியை 1860இல் சாடிய நாவலின் பெயர் அது. முத்திரையால் சிலர் பயன் பெற்றனர், மறுக்கவில்லை. ஆனால் அரசுகள் கைவிட்ட பொறுப்பைக் கடைக்கு வருபவரின் மனச்சாட்சியிடம் ஒப்படைப்பது எவ்வகை நீதி?

“கொள்விலையை வெளியிட்டால் வியாபார இரகசியம் போய்விடும்” என்பார்கள். காவிரிப்பூம்பட்டினத்து வணிகர், தாம் கொள்வதை மிகையாகக் கொள்ளாமலும் கொடுப்பதைக் குறைவாகக் கொடுக்காமலும் வாணிகம் செய்ததாகப் பட்டினப்பாலை புகழ்கிறது. (அந்நகரில் மூட்டை தூக்கியவனின் கூலியைப் புலவர் சொல்லவில்லை என்பதையும் குறித்துக்கொள்வோம்.) பழத்துக்குக் கொடுத்த விலையைப் பொதியில் அச்சிடுங்கள், விலை பேசும் இடத்தில் பறித்தவர்களின் சங்கத்தையும் உட்கார வையுங்கள், தராசை அவர்களும் சரிபார்க்கட்டும். அதன்பின் அறம் என்னும் சொல்லை எவ்வளவு பெரிய எழுத்திலும் போட்டுக்கொள்ளுங்கள்.

அன்று அந்தக் கடையில் பரிமாறிய இளைஞன் என்னிடம் படித்தவன். ஒரு கோப்பையின் விலை பலகையில் துலக்கமாக எழுதியிருந்தது. ஒரு கிலோ பழத்துக்கு மலையில் என்ன கொடுக்கிறார்கள் என்று கேட்டேன்.

“தெரியாது, சேர். இதுவரைக்கும் ஒருத்தரும் கேட்டதில்ல” என்றான்.