தாத்தாவின் துப்பாக்கிக்கு எந்தத் தோட்டா?

மதுரையிலும் சுற்று வட்டாரக் கிராமங்களிலும் பழைய இரட்டைக்குழல் துப்பாக்கி உள்ள வீடுகள் இன்றும் உண்டு. தாத்தா வாங்கியது. அப்பா எண்ணெய் போட்டுத் துடைத்து வைத்தது. இப்போது பேரன் பெயரில் லைசென்சு. வேட்டைக்கு 1972-ம் ஆண்டு வனவிலங்குச் சட்டம் முற்றுப்புள்ளி வைத்துவிட்டது. ஆனாலும் தோப்புக் காவலுக்கு என்றும், வீட்டுக் காவலுக்கு என்றும் துப்பாக்கி இருக்கிறது. ஆயுத பூசை அன்று அதற்குச் சந்தனம், குங்குமம் கூட வைக்கிறார்கள்.

பூசை செய்வதில் தவறு இல்லை. ஆனால் அந்தத் துப்பாக்கிக்குள் எந்தத் தோட்டாவைப் போடுவது என்று எத்தனை பேர் யோசிக்கிறார்கள்? தோட்டா தவறினால் திருடனுக்கு ஒன்றும் ஆகாது. சுடுகிறவருக்குத்தான் ஆபத்து. வெடிக்கும் குழலைத் தாங்கிக்கொண்டிருப்பது அவருடைய இடது கை.

"12 போர்" என்கிறார்களே, அது என்ன? ஒரு ராத்தல் ஈயத்தை 12 சம உருண்டைகளாக உருட்டினால், ஓர் உருண்டையின் பருமன் எவ்வளவோ அவ்வளவுதான் குழலின் வாய். லைசென்சில் இந்த 12 போரும், துப்பாக்கி நம்பரும் இருக்கும். கடைக்காரரும் அதைப் பார்த்துத்தான் தோட்டா கொடுக்கிறார். ஆனால் அது மட்டும் போதாது. நீளம் என்று ஒன்று இருக்கிறது.

ஏமாற்றும் நீளம்

அந்தக் காலத்துத் துப்பாக்கிகளில் பல இங்கிலாந்தில் பர்மிங்காம் நகரில் செய்தவை. அவற்றில் பெரும்பாலும் தோட்டா உட்காரும் அறையின் நீளம் இரண்டரை அங்குலம். அதாவது 65 மில்லிமீட்டர். இன்று சாதாரணமாகக் கிடைக்கும் தோட்டாவோ 70 மில்லிமீட்டர்.

"நீளத் தோட்டா உள்ளே போகாதே!" என்று நினைக்கலாம். போகும். அங்கேதான் மோசம். தோட்டாவின் வாய் மடித்து மூடப்பட்டிருக்கிறது. மடித்த நிலையில் அது 60 மில்லிமீட்டர் கூட இராது. சுலபமாக உள்ளே இறங்கும். துப்பாக்கியும் "டக்" என்று மூடிக்கொள்ளும். சுட்ட உடனே மடிப்பு விரிகிறது. அப்போதுதான் அது 70 ஆகிறது. விரிய இடம் இல்லை. குழலின் குறுகிய கழுத்தில் போய் அடைத்துக்கொள்கிறது. ரவை வெளியே போக வழி குறைகிறது; உள்ளே அழுத்தம் ஏறுகிறது.

எவ்வளவு அழுத்தம்? ஒரு மோட்டார் காரின் டயரில் சதுர அங்குலத்துக்குச் சுமார் 30 ராத்தல் காற்று அடிக்கிறோம். அமெரிக்காவில் இன்றைய 70 மில்லிமீட்டர் தோட்டாவுக்கு அனுமதித்த உச்ச அளவு 11,500 ராத்தல்! புது எஃகுக் குழல் அதைத் தாங்கும். பழைய குழல் எப்படிச் செய்யப்பட்டது என்று பார்க்க வேண்டாமா?

முறுக்குக் குழல்

பழைய குழல்கள் சிலவற்றின் மேல் மரத்து ரேகை போல அழகான கோலம் தெரியும். "டமாஸ்கஸ்" குழல் என்பார்கள். இரும்பையும் எஃகையும் சேர்த்து முறுக்கி, பட்டையாக்கி, கயிறு போலச் சுற்றி, காய்ச்சி அடித்து ஒட்டியது அது. கைத்திறன் அபாரம். ஆனால் ஒட்டு ஒட்டுத்தானே! உள்ளே துரு பிடித்தால் வெளியே தெரியாது. இவை கருமருந்துக் காலத்தவை. இன்றைய தோட்டாவில் இருப்பது புகையில்லா மருந்து. அதன் வலிமை வேறு. புகையில்லா மருந்துக்குச் சோதித்த முத்திரை குழலின் அடியில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். முத்திரை இருந்தாலும், பிறகு துரு தின்றிருந்தால் அதை மட்டும் நம்ப முடியாது.

"ரவை குறைவான தோட்டா போட்டால் போதும்" என்று சொல்கிறவர்கள் உண்டு. பாதிதான் உண்மை. கனத்த தோட்டா பழைய துப்பாக்கிக்கு ஆகாது என்பது சரி. ஆனால் எடை குறைந்த, வேகம் மிகுந்த தோட்டாவிலும் அழுத்தம் கூடுதலாக இருக்கலாம். ரவையின் எடையைப் பார்த்து அழுத்தத்தைச் சொல்லிவிட முடியாது. இங்கிலாந்தில் பழைய துப்பாக்கிக்கென்றே 65 மில்லிமீட்டர் தோட்டா இன்றும் செய்கிறார்கள். இங்கே அப்படிப்பட்டது கிடைக்காவிட்டால், கிடைத்ததைப் போட்டுச் சுடுவது வீரம் ஆகாது.

பீரோவில் பல வருடம் கிடந்த காகிதத் தோட்டாவும் வேண்டாம். ஈரத்தில் காகிதம் உப்பியிருக்கும். 20 போர் தோட்டாவை 12 போர் தோட்டாவோடு ஒரே பெட்டியில் வைப்பது அதைவிடக் கொடுமை. சிறியது குழலுக்குள் வழுக்கிப் போய் நடுவில் நிற்கும். துப்பாக்கி காலி என்று எண்ணி இன்னொன்றைப் போட்டுச் சுட்டால் குழல் பிளக்கும். இதற்காகவே 20 போர் தோட்டாவுக்கு மஞ்சள் நிறம் கொடுக்கிறார்கள்.

சர்க்கார் செய்யக்கூடிய காரியம் ஒன்று உண்டு. 2016-ம் ஆண்டு ஆயுத விதிகளின்படி, லைசென்சுதாரர் 70 வயதை அடைந்த பிறகோ, 25 ஆண்டுகள் துப்பாக்கியை வைத்திருந்த பிறகோ வாரிசு பெயருக்கு மாற்ற மனுச் செய்யலாம். பேரனின் நடத்தையைப் போலீசார் விசாரிக்கிறார்கள். துப்பாக்கியின் நிலையையும் ஒரு தேர்ந்த துப்பாக்கி மெக்கானிக் விசாரிக்கட்டுமே! அறையின் நீளம் 65-ஆ, 70-ஆ, குழல் முறுக்கா, எஃகா என்று லைசென்சிலேயே எழுதிவிடலாம். கடைக்காரர் அதைப் பார்த்துத் தோட்டா தருவார். தேர்தல் வந்தால் துப்பாக்கிகள் எல்லாம் போலீஸ் ஸ்டேஷனுக்கு வந்து சேர்கின்றன. அப்போதே ஒவ்வொன்றாக அளந்து பார்த்துவிடலாம். அதுவரை, சந்தேகமான துப்பாக்கி சுவரிலேயே இருக்கட்டும், தோட்டா இல்லாமல்.