ரம்பத்துக்கு உரிமம் போதாது, கைக்குச் சான்று வேண்டும்

50 கன சென்டிமீட்டருக்கு மிகாத எஞ்சின் கொண்ட இருசக்கர வண்டியைப் பொதுச்சாலையில் ஓட்ட வேண்டுமானால், 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டப்படி ஒருவருக்கு 16 வயது நிரம்பியிருக்க வேண்டும். ஓட்டுநர் உரிமமும் இருக்க வேண்டும். ஏறத்தாழ அதே அளவுள்ள, சில வேளை அதனினும் பெரிய பெட்ரோல் எஞ்சினைச் சங்கிலி ரம்பத்தில் பொருத்தி, சில ஆயிரம் ரூபாய்க்கு வீட்டு வாசலிலேயே கொண்டுவந்து தருகின்றன இணையக் கடைகள். அதை இயக்கப் போகிறவர் பயிற்சி பெற்றவரா என்ற கேள்வியை எந்த மத்தியச் சட்டமும் எழுப்புவதில்லை. இதை ஒரு சிறு விடுபாடு என்று கடந்துவிட முடியாது. மரத்தைப் பற்றி இந்தியச் சட்டம் நிறையச் சிந்தித்திருக்கிறது. மரம் வெட்டுபவரைப் பற்றிச் சிந்திக்க மறந்திருக்கிறது.

முதலில் கருவியைப் பார்ப்போம். முழு வேகத்தில் ரம்பத்தின் சங்கிலி நொடிக்கு 20 மீட்டருக்கும் மேல் ஓடுகிறது. சங்கிலியைத் தாங்கும் தகட்டின் முனையில் மேற்பாதி மட்டும் ஏதேனும் ஒரு கிளையில் பட்டால், ரம்பம் எம்பி, பிடித்திருப்பவரின் முகத்தையும் கழுத்தையும் நோக்கித் திரும்புகிறது. தொழிலில் இதைக் கிக்பேக் என்கிறார்கள். கண் கண்டு மூளை அறிந்து கை விலகுவதற்குள் அது முடிந்துவிடுகிறது. ஆகவே இங்கே காப்பாற்றுவது சமயோசிதம் அன்று. நிற்கும் நிலை, இடக்கைப் பெருவிரல் பிடியைச் சுற்றியிருக்கும் முறை, வேலை செய்யும் நிலையிலுள்ள சங்கிலித் தடை ஆகியவையே. இவை முன்கூட்டியே உடம்பில் ஊறியிருக்க வேண்டியவை. உடனே தெரியாத கேடு ஒன்றும் உண்டு. ஆண்டுக்கணக்கில் கைகளில் ஏறும் அதிர்வால் விரல்களின் இரத்தக் குழாய்கள் பாதிக்கப்பட்டு, குளிரில் விரல்கள் வெளுத்து உணர்விழக்கின்றன. அது முற்றிய பிறகு முழுமையாக மீள்வது அரிது.

இனிச் சட்டத்தைப் பார்ப்போம். கோதவர்மன் திருமுல்பாடு வழக்கில் 1996 டிசம்பர் 12 அன்று உச்ச நீதிமன்றம் பிறப்பித்த ஆணைக்குப் பிறகு, நாடெங்கும் மர அறுவை ஆலைகள் கடும் கண்காணிப்புக்கு உள்ளாயின. மரம் சார்ந்த தொழிற்கூடங்களுக்கு 2016இல் மத்திய அரசு தனி நெறிமுறைகளை வெளியிட்டது. வெட்டிய மரம் ஓர் ஊரிலிருந்து மற்றோர் ஊருக்குச் செல்லப் பல மாநிலங்களில் வழிச்சீட்டு வேண்டும். இவை அனைத்தும் தேவையானவை. காடு காக்கப்பட வேண்டியதே. ஆனால் ஒரு மரத்துண்டு தன்னைப் பற்றிய தாளோடு பயணம் செய்யும் நாட்டில், அதை அறுத்தவரின் திறனைப் பற்றி ஒரு தாளும் இல்லை.

தொழிலாளரைப் பற்றிச் சட்டம் முற்றிலும் மௌனமாக இருந்ததும் இல்லை. 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டத்தின் 23ஆம் பிரிவு, ஆபத்தான இயந்திரங்களில் இளம் தொழிலாளர்களை அமர்த்துமுன் ஆபத்தை விளக்கிப் போதிய பயிற்சி அளிக்க வேண்டும், அல்லது தகுந்த மேற்பார்வை இருக்க வேண்டும் என்றது. ஆனால் அது ஆலையின் சுவரோடு நின்றது. கூரைக்குக் கீழே பொருத்தப்பட்ட வட்ட ரம்பத்துக்குக் காப்புத் தகடு கேட்கும் சட்டம், மலைச்சரிவில் கையில் தூக்கிச் செல்லும் ரம்பத்தைக் காணவில்லை. 1923ஆம் ஆண்டின் இழப்பீட்டுச் சட்டமோ, தன் இரண்டாம் அட்டவணையில் மரம் வெட்டுவோரையும் சேர்த்துக்கொண்டது. மரம் வெட்டுதல் ஆபத்தான தொழில் என்பதை அரசு அறிந்தே இருந்தது என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டியதில்லை. விழுந்த பின் இழப்பீடு, விழுமுன் ஒன்றுமில்லை என்பது கண் கெட்ட பின் செய்யும் சூரிய வணக்கம்.

இதற்கு வழக்கமாக வரும் மறுப்பு, 'அனுபவமே சான்று' என்பது. இருபது ஆண்டுகள் ரம்பம் பிடித்தவருக்கு யார் எதைக் கற்பிப்பது என்று கேட்கிறார்கள். அந்த அனுபவத்தை மதிக்காதவர் இத்தொழிலை அறியாதவர். ஆயினும் அனுபவம் நடந்ததைத்தான் கற்பிக்கும். இன்னும் நடக்காததைக் கற்பிக்காது. 2020 மே 20 அன்று ஆம்பன் புயல் கரையேறிய பின், கொல்கத்தாவில் ஆயிரக்கணக்கான மரங்கள் வீழ்ந்து கிடந்தன. அவற்றை அகற்றத் தேசியப் பேரிடர் மீட்புப் படையும் இராணுவமும் ஒடிசாவிலிருந்து வந்த குழுக்களும் தேவைப்பட்டன. புயலில் சாய்ந்த மரம் நின்ற மரத்தைப் போன்றதன்று. வளைந்து கிடக்கும் தண்டின் ஒருபுறம் இழுபட்டும் மறுபுறம் நெருக்குண்டும் இருக்கும். எப்புறம் எது என்று அறியாமல் வெட்டினால் தண்டு வில்லைப் போலத் தெறிக்கும். பெயர்ந்த வேர்த்திரள் தண்டு அறுந்ததும் மீண்டும் குழிக்குள் சாயும். பிரிட்டனில் புயலில் வீழ்ந்த மரங்களை அறுப்பதற்கென்றே தனிச் சான்றிதழ் இருப்பது இதனால்தான். இங்கோ, சீருடைப் படைகள் முதன்மைச் சாலைகளைத் திறந்துவிட்டுச் சென்ற பின் தெருக்களில் எஞ்சும் மரங்கள் நாட்கூலிகளின் கைக்கு வருகின்றன. தொழிலின் மிகக் கடினமான பாடம் மிகக் குறைந்த கூலிக்காரரிடம் விடப்படுகிறது.

இன்னொரு தரப்பு, ரம்பத்தை வாங்குவதற்கே உரிமம் வேண்டும் என்கிறது. பிலிப்பைன்ஸ் 2002இல் இயற்றிய சங்கிலி ரம்பச் சட்டம் இதற்கு எடுத்துக்காட்டு. அங்கே ரம்பத்தை இறக்குமதி செய்யவும் விற்கவும் வைத்திருக்கவும் அரசின் அனுமதி வேண்டும். அச்சட்டத்தின் நோக்கம் திருட்டு மரவெட்டைத் தடுப்பது. அந்நோக்கத்தில் குறை காண வேண்டியதில்லை. ஆனால் உரிமமும் சான்றும் ஒன்றல்ல. உரிமம் பொருளுக்கு உரியவரைச் சொல்கிறது. சான்று செயலுக்கு உரிய தகுதியைச் சொல்கிறது. பெரும்பாலும் ரம்பம் ஒப்பந்தக்காரருடையது, கை கூலிக்காரருடையது. உரிமம் மட்டும் போதுமென்றால் ஒப்பந்தக்காரரிடம் தாள் இருக்கும். கூலிக்காரரின் தொடையில் தழும்பு இருக்கும்.

பிரிட்டனின் வழி வேறு. அங்கே கடையில் ரம்பம் வாங்குபவரிடம் சான்று கேட்பதில்லை. ஆனால் ஒருவரை மரவேலைக்கு அமர்த்தி ரம்பத்தைக் கையில் கொடுப்பவர், அவர் பயிற்சி பெற்றவர் என்பதை உறுதி செய்தாக வேண்டும். 1998ஆம் ஆண்டின் பணிக்கருவி ஒழுங்குமுறைகளும் அவற்றோடு இணைந்த நடைமுறைத் தொகுப்பும் அதற்கென உரிய தகுதிச் சான்றைக் கேட்கின்றன. வேளாண்மைக்குச் சில தளர்வுகள் உண்டு. எனினும் பொறுப்பு வேலை வாங்குபவரின் தலையில் விழுகிறது. கற்க வேண்டியது இதுவே.

எல்லாவற்றினும் வலிய மறுப்பு ஒன்று உண்டு. இந்நாட்டில் எந்தச் சான்றிதழும் விலைக்கு வரும். ஓட்டுநர் உரிமம் தரகர் வழியே கைக்கு வருவதை யாவரும் அறிவர். புதிய தாள் ஒன்று வந்தால் அது ஏழைத் தொழிலாளரைத் தடுக்கும் மற்றொரு வாயிற்கதவாகும் என்பது அது. இந்த அச்சம் நியாயமானது. ஆகவே எப்படிப்பட்ட சான்று என்பதில்தான் எல்லாம் அடங்கியிருக்கிறது. பயிற்சிக்கும் தேர்வுக்கும் ஆகும் செலவையும், அந்நாட்களின் கூலியையும் வேலை கொடுப்பவர் ஏற்க வேண்டும். தேர்வு மரத்தடியில், கருவியோடு நடக்க வேண்டும். எழுத்துத் தேர்வு கூடாது. கேள்விகள் தொழிலாளியின் மொழியில் வாய்மொழியாக இருக்க வேண்டும். குடகின் காப்பித் தோட்டத்தில் வேலை செய்யும் அசாம் தொழிலாளியிடம் கன்னடத்திலோ ஆங்கிலத்திலோ எழுதச் சொன்னால் அளக்கப்படுவது அவருடைய கையின் திறன் ஆகாது. பல்லாண்டு தொழில் செய்தவருக்கு நேரடித் தேர்வும் குறையுள்ள இடத்தில் மட்டும் பயிற்சியும் போதும். சான்றில்லாமல் பிடிபட்டால் தண்டம் வேலை வாங்கியவருக்கே. ரம்பம் பிடித்தவருக்கு அன்று.

இவற்றுக்கு வேரில்லை என்று சொல்ல முடியாது. பசுமைப் புரட்சிக்குப் பின் கதிரடிக்கும் இயந்திரங்கள் வட இந்தியக் கூலிகளின் கைகளைப் பறித்தபோது, 1983இல் ஆபத்தான இயந்திரங்கள் ஒழுங்குமுறைச் சட்டம் பிறந்தது. கதிரடிக்கும் இயந்திரத்தை விற்பவர் முதற்கொண்டு பயன்படுத்துபவர் வரை அது கடமைகளை விதித்தது. வேளாண்மையிலும் ஊரகத்திலும் பயன்படும் வேறு இயந்திரங்களையும் அறிவிக்கை வழியே சேர்க்க மத்திய அரசுக்கு அதிகாரம் அளித்தது. அன்று கதிரடிக்கும் இயந்திரத்துக்காகத் திறந்த கதவின் வழியே ரம்பமும் நுழையலாம்.

அதற்கும் காத்திருக்க வேண்டாம். மாநகராட்சிகளும் நெடுஞ்சாலைத் துறைகளும் மின்வாரியங்களும் வன வளர்ச்சிக் கழகங்களும் மரம் வெட்ட ஒப்பந்தப்புள்ளி கோருகின்றன. மரத்தின் சுற்றளவும் வைப்புத்தொகையும் எழுதப்படும் அந்தத் தாளில், ரம்பம் பிடிப்பவர் ஒவ்வொருவரும் பயிற்சி பெற்றிருக்க வேண்டும், தலைக்கவசமும் வெட்டுத்தாங்கும் காலுடையும் பெற்றிருக்க வேண்டும், அவற்றுக்கான தொகை ஒப்பந்த விலையில் தனியே காட்டப்பட வேண்டும் என்று ஒரு பத்தி சேர்க்க எந்த நாடாளுமன்றமும் கூட வேண்டியதில்லை. அரசே வேலை வாங்கும் இடத்தில் அரசு இதைச் செய்யாதவரை, தனியாரிடம் கேட்கும் தகுதி அதற்கு இல்லை. அடுத்த புயல் வருமுன் அந்தப் பத்தி எழுதப்படட்டும்.