கட்டணக் குறைவு கல்விக் கொடை ஆகாது

அரசுக் கல்லூரிகளிலும் பல்கலைக்கழகங்களிலும் கல்விக் கட்டணம் சொற்பமாகிவிட்டபடியால் மேற்படிப்பின் வாயில் ஏழைக்கும் செல்வனுக்கும் ஒருங்கே திறந்துவிட்டதென்றும், இனியும் ஒருவர் முதுகலைக்கோ முனைவர் பட்டத்துக்கோ போகாமல் நின்றுவிட்டால் அதற்குக் காரணம் ஊக்கக் குறைவே என்றும் ஓர் அபிப்பிராயம் நம்மிடையே வேரூன்றியிருக்கிறது. படித்தவர்களே இதை மெய்யென நம்பி மேடையேறிப் பேசுவதால், இதனை மறுப்பது அவசியமாகிறது.

திருப்புல்லாணியில் நின்று பார்த்தால் இதன் பிழை விளங்கும். இவ்வூர்ப் பெண்ணொருத்தி, பத்துக் கிலோமீட்டர் தொலைவிலுள்ள இராமநாதபுரத்தில், வீட்டுச் சோற்றை உண்டுகொண்டே இளங்கலை முடித்துவிடலாம். 2021 மே மாதம் முதல் சாதாரண நகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணம் இல்லையாதலால் பிரயாணமும் பாரமன்று. ஆனால் அவளே ஆராய்ச்சியின்பொருட்டுக் காரைக்குடி அழகப்பா பல்கலைக்கழகத்தை நாடுவாளாயின், அந்தச் சலுகை இராமநாதபுரம் பேருந்து நிலையத்தோடு நின்றுவிடுகிறது. அதற்கப்பால் புறநகர்ப் பேருந்தில் டிக்கெட் எடுத்தாக வேண்டும். நாள்தோறும் போய்வந்தால் ஆய்வுக்கூடத்தில் செலவாக வேண்டிய பொழுது பேருந்தில் கழியும். தங்கிப் படிப்பதாயின் அறைக்கு அட்வான்ஸ், மாத வாடகை, மெஸ் கணக்கு என்று கட்டணத்தைப் பன்மடங்கு விஞ்சும் செலவுகள் வரிசையாக வந்து நிற்கும். தந்தை விசைப்படகில் கூலிக்குப் போகிறவராயின், ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடையில் வருமானமிழந்து, வாங்கிய கடன் தீராதிருக்கும் வேளையிலேயே சேர்க்கைக் காலம் வந்து முதற்பணத்தைக் கேட்கிறது.

உதவித்தொகை இருக்கிறதே என்பார்கள். தேசியத் தகுதித் தேர்வில் இளநிலை ஆய்வாளராகத் தேறியவருக்கு 2023 ஜனவரி முதல் மாதம் 37,000 ரூபாயும் வீட்டு வாடகைப்படியும் உண்டு; அது நியாயமே. அத்தேர்வில் தேறாமல் மத்தியப் பல்கலைக்கழகத்தில் ஆராய்பவருக்கோ 8,000 ரூபாய்தான். அதையும் நிறுத்த 2015 அக்டோபரில் பல்கலைக்கழக மானியக் குழு முற்பட்டபோது மாணவர்கள் தில்லியில் தெருவுக்கு வந்து போராட நேர்ந்தது. மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஆராய்பவருக்கு அந்த 8,000-மும் கிடையாது. வேறு ஏதேனும் ஒரு திட்டத்தில் இடம் கிடைத்தாலன்றி அவர் வெறுங்கையுடன்தான் ஆராய வேண்டும்.

நம் முன்னோர் இவ்வுண்மையை அறிந்திருந்தார்கள். முதலாம் இராசேந்திர சோழன் காலத்து, எண்ணாயிரம் என்னும் ஊர்க் கல்வெட்டு 340 மாணாக்கர்க்கு நாள்தோறும் நெல் அளந்ததைச் சொல்கிறது. இளையோர்க்கு ஆறு நாழி என்றும், மேற்கல்வி பயில்வோர்க்கு ஒரு குறுணி இரு நாழி, அதாவது பத்து நாழி, என்றும் வகுத்து, படிப்பு உயர உயர ஆதரவும் உயர வேண்டும் என்னும் தர்மத்தை அது நிலைநாட்டுகிறது. அந்தக் கொடை ஒரு வருணத்தாரோடு நின்றது அதன் பெருங்குறை; எல்லார்க்கும் உரிய இக்காலத்துக் கல்வியோ அதனினும் விரிந்த கையுடன் வழங்க வேண்டும். தரிசனத்துக்குக் காசில்லை என்று அறிவித்த மாத்திரத்தில் சேது யாத்திரை நிறைவேறிவிடுமென்று தஞ்சை மராட்டிய மன்னர்கள் எண்ணவில்லை; ஆதலால்தான் இராமேசுவரம் செல்லும் வழியில் சத்திரங்கள் கட்டி, ஒரத்தநாட்டு முத்தம்பாள் சத்திரத்தில் யாத்திரிகர்க்கு அன்னத்தோடு மாணாக்கர்க்குக் கல்வியும் அளித்தார்கள்.

கஷ்டம்தான் அறிஞனை உருவாக்கும் என்பது இன்னொரு வாதம். பசியை வென்று மேலேறிய ஒருவரின் பெயரை நாம் கொண்டாடுகிறோம். அதே பசியால் பாதியில் திரும்பியவர்களுக்குப் பெயரே இல்லை.

ஆகவே, மாநிலப் பல்கலைக்கழகங்களில் முழுநேரமாக ஆராயும் ஒவ்வொருவருக்கும் ஜீவனத்துக்குப் போதிய உதவித்தொகையும், வெளியூர் மாணவர்க்கு உணவுடன் கூடிய விடுதியும், புறநகர்ப் பேருந்திலும் செல்லத்தக்க பயண அட்டையும் கல்விச் செலவின் பகுதியாகவே கணக்கிடப்பட வேண்டும். இவை செய்யப்படாதவரையில், மேற்படிப்பைக் கைவிட்ட பிள்ளையை ஊக்கமற்றவன் என்று சொல்லும் உரிமை நம்மில் எவருக்கும் இல்லை.